சத்தமில்லாத ரதம்

மோட்டார் வண்டி என்றால் உறும வேண்டும் என்பது நம் ஜனங்களின் நெடுநாளைய நம்பிக்கை. புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் ஒரு வண்டி வருகிறதென்றால், அது கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். உறுமலின் அளவைக் கொண்டே உள்ளே இருப்பவருடைய அந்தஸ்தைக் கணக்கிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. இந்த நம்பிக்கைக்கு இப்போது ஆபத்து நேர்ந்திருக்கிறது. சென்ற சில வருஷங்களாக நம் வீதிகளில் ஒரு புது ஜாதி வண்டி நடமாடத் தொடங்கியிருக்கிறது. உருவத்தில் யானைக் கன்று. வந்து நிற்பதோ பூனையைப் போல. பெட்ரோல் குடிப்பதில்லை; புகை கக்குவதில்லை; புறப்படும்போது ஒரு செருமல்கூட இல்லை. விலையைக் கேட்டால் மட்டும், கேட்டவருடைய மூச்சும் அந்த வண்டியைப் போலவே சத்தமின்றி நின்றுவிடுகிறது.

இவற்றை மின்சார எஸ்.யு.வி. என்று அழைக்கிறார்கள். எஸ்.யு.வி. என்பது காட்டு வழியிலும் மேடு பள்ளத்திலும் போவதற்கென்று உயரமாகக் கட்டிய வண்டி. ஆனால் நம் ஊரில் காணப்படுகிறவற்றில் பெரும்பாலானவை, கல்யாண மண்டபத்து வாசலுக்கு அப்பால் எந்தக் காட்டையும் பார்த்தவை அல்ல.

"இருபது லட்சம், கோடி என்று விலை சொல்லும் வண்டியைப் பற்றி மாதச் சம்பளக்காரரான உபாத்தியாயருக்கு என்ன விசாரம்?" என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இன்று செல்வந்தர் வீட்டு வாசலில் நிற்பது நாளை எல்லோருடைய உபயோகத்திற்கும் வருகிறது. மின்சார விசிறியும் டெலிபோனும் அப்படித்தான் வந்தன. சென்னை நகரில் 2025ஆம் வருஷம் ஜூன் 30ஆம் தேதி 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றை ஓட்டும் மோட்டாரும் பாட்டரியும் இந்தப் பெரிய வண்டிகளில் இருப்பவற்றின் சுற்றத்தைச் சேர்ந்தவையே.

இன்னொரு காரணமும் உண்டு. அது பணத்தைப் பற்றியது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. விகிதப்படி, நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் சிறிய பெட்ரோல் காருக்கு வரி நூற்றுக்கு 18. பெரிய பெட்ரோல் வண்டிக்கு 40. மின்சார வண்டிக்கோ, அதன் விலை பத்து லட்சமானாலும் ஒரு கோடியானாலும், நூற்றுக்கு 5 தான். நல்ல நோக்கத்துடன் செய்த சலுகையே இது. ஆயினும், கோடி ரூபாய் வண்டிக்காகச் சர்க்கார் விட்டுக்கொடுக்கும் வரி நம் எல்லோருடைய பொதுப் பணம் அல்லவா? ஆகவே அந்த வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல, அதில் ஒருபோதும் ஏறப்போகாதவருக்கும் பாத்தியதை உண்டு. அந்தப் பாத்தியதையைத்தான் இங்கே பிரயோகித்துக்கொள்கிறோம்.

பழைய யந்திரம், புதிய வேஷம்

மின்சார வண்டி புதிய அற்புதம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பெட்ரோல் வண்டியின் அண்ணன். 1899ஆம் ஆண்டிலேயே பெல்ஜியம் தேசத்து காமில் ஜெனட்ஸி என்பவர், ஒரு பெரிய தோட்டாவைப் போன்ற மின்சார வண்டியில் உட்கார்ந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிக் காட்டினார். சாலையில் அந்த வேகத்தைக் கண்ட முதல் வண்டி அதுதான். பிறகு பெட்ரோல் மலிவாயிற்று. ஈய பாட்டரியின் பளு வண்டியை அமுக்கிற்று. அண்ணன் தோற்று ஒதுங்கினான்.

நம் தேசத்திலும் இந்த வித்தைக்கு வேர் உண்டு. 1937இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்களின் முயற்சியில் உள்நாட்டு மின்சார மோட்டார் தயாராயிற்று. இன்று நம் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரெல்லாம் அந்த வம்சத்தின் பிள்ளைகள். 2001இல் பெங்களூரில் 'ரேவா' என்ற குட்டி மின்சாரக் கார் வெளிவந்தது. இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு மனத்தில்தான் இடம் இருந்தது. அந்தக் கம்பெனியை 2010இல் மகேந்திரா வாங்கிக்கொண்டது.

அதே மகேந்திரா கம்பெனி 2024 நவம்பர் 26ஆம் தேதி சென்னையில் இரண்டு பெரிய மின்சார வண்டிகளை உலகத்திற்குக் காட்டிற்று. பெயர்களைக் கேட்டால் தேர்வு எண் போலிருக்கும்: 'பி.இ. 6இ' ஒன்று, 'எக்ஸ்.இ.வி. 9இ' மற்றொன்று. முதல் வண்டியின் பெயரில் கடைசியில் உள்ள '6இ' என்பதைப் பற்றி ஒரு விமானக் கம்பெனி வழக்குத் தொடர்ந்ததனால், 'இ' எழுத்தைக் கழற்றிவிட்டு 'பி.இ. 6' என்றே விற்கிறார்கள். உருவம் வரைந்தது பம்பாயிலும் இங்கிலாந்தில் பான்பரி என்ற ஊரிலும். வண்டி தயாராவது புனாவுக்கு அருகே சாக்கனில். ஆனால் இதன் யந்திர சூத்திரங்களை வகுத்தவர்கள் செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள மகேந்திரா ஆராய்ச்சிச் சாலையினர். ஓட்டிப் பரீட்சை செய்ய அந்தக் கம்பெனி அமைத்த பாதை செய்யாற்றில் இருக்கிறது. தமிழ்நாட்டு வெயிலும் தமிழ்நாட்டு மூளையும் இதில் கலந்திருக்கின்றன என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாம்.

வேறு கம்பெனிகளும் நம் மாகாணத்தையே நாடி வந்திருக்கின்றன. ஜெர்மானிய பி.எம்.டபிள்யு. கம்பெனி தன் 'ஐ.எக்ஸ்.1' மின்சார வண்டியைச் சென்னைத் தொழிற்சாலையில் பூட்டுகிறது. ஹூண்டாயின் மின்சாரக் 'கிரெட்டா' ஸ்ரீபெரும்புதூரில் பிறக்கிறது. 2019இல்தான் முதல் காரைச் செய்த வியட்நாமிய வின்ஃபாஸ்ட் கம்பெனி, 2025 ஆகஸ்டு 4ஆம் தேதி தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்துவிட்டது. ஆக, இந்த ரதங்களை அந்நியப் பண்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. முழுவதும் நம்முடையது என்று கொண்டாடிவிடவும் முடியாது. இந்தச் சிக்கலுக்குப் பின்னால் வருவோம். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்து பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

இந்த வண்டிகளில் உள்ள மிக அழகான வேலைப்பாடு யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறது. அது காலடியில் இருக்கிறது. முன்னே பெரிய எஞ்சின், நடுவே நீண்ட தண்டு, பின்னே பெட்ரோல் தொட்டி என்ற பழைய ஏற்பாடு முழுவதும் போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தரை முழுதும் ஒரு தட்டையான பாட்டரிப் பலகை. சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் அளவில் ஒரு மோட்டார். பளுவெல்லாம் அடியில் தங்கிவிடுவதனால், உயரமான வண்டியாயிருந்தும் வளைவில் தலையாட்டிப் பொம்மையைப் போல் விழாமல் நிற்கிறது. எஞ்சின் ஒழிந்த இடத்தில் மனிதர்களுக்கும் மூட்டைகளுக்கும் இடம் கிடைக்கிறது. 'எக்ஸ்.இ.வி. 9இ'யில் பின்புறம் 663 லிட்டர் கொள்ளளவுள்ள அறை இருப்பதோடு, எஞ்சின் இருக்கவேண்டிய முன்பக்கத்திலும் ஒரு சாமான் பெட்டி இருக்கிறது. ஒரு கல்யாணத்துச் சீர்வரிசையை ஏறக்குறைய முழுவதுமே அடக்கிவிடலாம். பாரத் என்.சி.ஏ.பி. என்ற மோதல் பரீட்சையில் இவ்விரு மகேந்திரா வண்டிகளும் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கின்றன. இவையெல்லாம் உண்மையான வடிவமைப்பு. மனமாரப் பாராட்டுகிறோம்.

கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் பற்றி நமக்கு அத்தனை திருப்தி இல்லை. 'பி.இ. 6' கத்திரித்து மடித்த காகித அம்பைப் போல் இருக்கிறது. வாலிபர்கள் அதைக் கண்டு மயங்குகிறார்கள். மூக்கும் முழியும் கூர்மைதான். ஆனால் பின் ஆசனத்தில் உட்காருகிறவருக்கு ஜன்னல் சிறுத்துவிட்டது. குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்க வேண்டாமா? உயர்ந்த விலையுள்ள வண்டிகளில் இன்று பரவியிருக்கும் மற்றொரு மோகம் கண்ணாடிக் கூரை. பனி பெய்யும் தேசத்தில் வெயில் ஒரு விருந்தாளி. அவனை வரவேற்கக் கூரையைக் கண்ணாடியாக்குகிறார்கள். புதுக்கோட்டைச் சித்திரை வெயில் விருந்தாளி அல்ல, கடன்காரன். அவனுக்குக் கூரையில் வாசல் திறந்து வைத்துவிட்டு, பிறகு பாட்டரியைச் செலவழித்துக் குளிரூட்டி அவனை விரட்டுவது என்ன புத்திசாலித்தனம்?

நம் ஜில்லாவில் ஆவுடையார்கோயில் இருக்கிறது. அங்குள்ள கல் கொடுங்கையைப் பார்க்காத புதுக்கோட்டைக்காரர் இருக்க முடியாது. மரச்சட்டமும் ஆணியும் கம்பியும் போலக் கருங்கல்லை இழைத்திருக்கிறார்கள். பழைய காலத்து ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக மற்றதைச் செய்து தருகிறோம் என்று எழுதிக்கொடுப்பார்களாம். அந்தக் கொடுங்கையின் காரியம் என்ன? வெயிலைத் தடுப்பது, மழைத் தண்ணீரைச் சுவரில் படாமல் வெளியே தள்ளுவது. அழகு அங்கே உபயோகத்தின் மேல் பூத்திருக்கிறது. சிற்பத்தையும் நிழலையும் ஒரே கல்லில் கொடுக்கத் தெரிந்த ஊரிலிருந்துகொண்டு, கண்ணாடிக் கூரையை நாம் எளிதில் புகழ்ந்துவிட முடியாது.

அடுத்தது திரை மோகம். 'எக்ஸ்.இ.வி. 9இ'யின் முன்பலகையில் 12.3 அங்குலத் திரைகள் மூன்று வரிசையாக நிற்கின்றன. ஜெர்மானிய வண்டிகளில் இது இன்னும் விஸ்தாரம். இரவில் பார்த்தால் தீபாவளி. பகலில் டிரைவருக்குப் பரீட்சை. சென்ற கோடையில் சிநேகிதர் ஒருவருடைய வண்டியில் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்தோம். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே அநாவசியம். கீரனூர் தாண்டி நார்த்தாமலைக் குன்றுகள் தெரியும் இடத்தில், பின் ஆசனத்துக் குளிர் அதிகமாயிருக்கிறது, குறையுங்கள் என்று சொன்னோம். பழைய காரானால் ஒரு குமிழைத் திருகிவிடலாம். சிநேகிதர் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தார். அது வேறொரு பக்கத்தைத் திறந்தது. அதற்குள் ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடக்க ஆரம்பித்துவிட்டது. தானாகத் தடைபோடும் கருவி வண்டியில் இருந்ததனால் ஆடுகளும் பிழைத்தன, நாமும் பிழைத்தோம். யந்திரம் ஒரு கையால் கவனத்தைப் பறித்து, மறு கையால் உயிரைக் காப்பாற்றுகிறது. பறிக்காமலே இருந்தால் இன்னும் விசேஷமல்லவா?

இது வயதானவர்களின் முணுமுணுப்பு என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவின் மோதல் பரீட்சைக்காரர்களான யூரோ என்.சி.ஏ.பி. சபையார், ஹார்ன், துடைப்பான், திரும்பும் விளக்கு முதலிய முக்கியக் காரியங்களுக்குக் கையால் தொட்டறியும் விசைகள் இல்லாவிட்டால் முழு நட்சத்திரம் கொடுப்பதில்லை என்று 2026 முதல் விதி செய்திருக்கிறார்கள். கதவோடு கதவாக மறைந்துகொள்ளும் கைப்பிடிகளை 2027 ஜனவரி முதல் அனுமதிப்பதில்லை என்று சீன சர்க்கார் தீர்மானித்திருக்கிறது. விபத்து நேர்ந்து மின்சாரம் அறுந்தால், வெளியே இருப்பவர் எதைப் பிடித்து இழுப்பது? இந்த எளிய கேள்வியை வடிவம் வரைந்தவர்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

நாம் சிபாரிசு செய்யும் பரீட்சை ஒன்று உண்டு. அதற்குப் 'பாட்டி பரீட்சை' என்று பெயர் வைக்கலாம். எழுபது வயதுப் பாட்டி, ஒரு கையில் புடைவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைத் திறந்து, யாரும் தூக்கிவிடாமல் ஏறி, முழங்கால் மோவாயில் இடிக்காமல் உட்கார வேண்டும். அடியில் பாட்டரி இருப்பதனால் தரை உயர்ந்து, பின் ஆசனத்துக்காரரின் முழங்கால் மேலே போய்விடுவது இத்தகைய வண்டிகளுக்குப் பொதுவான குறை. கோடி ரூபாய் வண்டியானாலும் இந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் அதற்கு நம் குடும்பங்களில் இடமில்லை.

ஆறே முக்கால் விநாடி

நம் வகுப்பில் பௌதிக பாடம் நடக்கும்போது பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், எவ்வளவு விநாடியில் நூறு?" என்பதே. நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு 'பி.இ. 6' எடுத்துக்கொள்ளும் நேரம் 6.7 விநாடி என்று கம்பெனியார் சொல்கிறார்கள். மெர்ஸிடிஸின் 'ஈ.க்யூ.எஸ்.' என்ற கோடி ரூபாய் எஸ்.யு.வி.க்கு அது 4.7 விநாடி. ஆஜர் பட்டியலில் நாலு பெயர் கூப்பிடுவதற்குள் வண்டி பறந்துவிடும்.

இந்த வேகத்தின் ரகசியம் எளியது. பெட்ரோல் எஞ்சினுக்கு முதலில் மூச்சுப் பிடிக்க வேண்டும். சுழற்சி ஏற ஏறத்தான் இழுப்பு வரும். அதற்காகவே கியர்களின் படிக்கட்டு. மின்சார மோட்டாருக்கு அந்த உபசாரம் தேவையில்லை. மின்சாரம் பாய்ந்த கணத்திலேயே முழு இழுப்பும் வந்துவிடும். கியர் மாற்றும் குலுக்கலும் இல்லை. லாரிக்குப் பின்னால் அகப்பட்டுத் தவிக்கும் சமயத்தில், தாண்டுவதற்கு வேண்டிய அவகாசம் குறைவது பெரிய அனுகூலந்தான்.

மற்றொரு நல்ல குணமும் உண்டு. சைக்கிள் விளக்குக்கு டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்கு ஞாபகமிருக்கும்: டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தால் விளக்கு எரியும், ஆனால் மிதிப்பது கனக்கும். மின்சார வண்டியில் காலை எடுத்தவுடன் மோட்டாரே டைனமோவாக மாறிவிடுகிறது. வண்டி தானே தணிகிறது. அந்த ஓட்டத்தின் சக்தி வீணாகத் தேயாமல் பாட்டரிக்குத் திரும்புகிறது. சிக்கனத்தைக் குலதர்மமாகக் கொண்ட நம்மவர்களுக்கு இதைவிடப் பிடித்தமான யந்திரம் கிடைக்காது.

ஆனால் வேகத்திற்காகவே வேகம் என்பது வேறு விஷயம். 6.7 விநாடியில் வண்டி கடக்கும் தூரம் சுமார் தொண்ணூறு மீட்டர். அறந்தாங்கி சாலையில் எந்தத் தொண்ணூறு மீட்டரை எடுத்துக்கொண்டாலும் ஒரு சைக்கிள், இரண்டு கன்றுக்குட்டி, ஒரு டீக்கடை அதில் அடங்கியிருக்கும். வேகம் இரட்டித்தால் மோதலின் வலு நான்கு மடங்கு என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு. வண்டியின் பளுவோ இரண்டு டன்னை ஒட்டியது. மெர்ஸிடிஸின் மின்சார 'ஜி' வண்டி மூன்று டன். அதற்குச் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார். நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் வித்தையும் அதற்குத் தெரியும். நம் ஊர்த் தேர் வீதி முனையில் திரும்புவதற்கு முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவரும், வடம் பிடிக்கிறவர் நூற்றுக்கணக்கானவரும் வேண்டும். ஆனால் தேர் எங்கே திரும்புகிறது, யார் விலக வேண்டும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். இந்தச் சத்தமில்லாத ரதத்தின் கதை அப்படியல்ல.

மௌனத்திலும் ஓர் அபாயம் இருக்கிறது. வண்டி மெதுவாக வரும்போது நடக்கிறவர் காதில் எதுவும் விழாது. பார்வை குன்றியவர்களும் குழந்தைகளும் காதையே நம்பிச் சாலையைக் கடக்கிறார்கள். ஐரோப்பாவில் புதிய ரக மின்சார வண்டிகள் மெதுவாகச் செல்லும்போது எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டுமென்று 2019 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. மகேந்திரா வண்டிகளுக்கு வேண்டிய பலவித ஒலிகளை ஏ.ஆர். ரஹ்மான் அவர்களைக் கொண்டு அமைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு இன்னிசை கிடைத்தது நல்லதே. வெளியே நடக்கிறவருக்கு வேண்டியது இன்னிசையல்ல. காதுக்கு எட்டும் ஓர் அடையாளம். எந்தக் கம்பெனியானாலும் இரண்டாவதை முதலாவதாகக் கருத வேண்டும்.

யூனிட் கணக்கு

மின்சார வண்டியின் பெட்ரோல் தொட்டி என்னவென்றால் யூனிட். வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். மேலே சொன்ன மகேந்திரா வண்டிகளின் பெரிய பாட்டரி 79 யூனிட் கொள்ளும். நம் சர்க்கார் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு இலவசமாக அளிக்கும் 100 யூனிட்டில் ஐந்தில் நான்கு பங்கு, இந்த ரதம் ஒரு வேளைக்குச் சாப்பிடும் சாப்பாடு!

பாட்டரி நிறைந்தால் எவ்வளவு தூரம்? அரசாங்கப் பரீட்சைச் சாலையின் கணக்குப்படி 'பி.இ. 6'க்கு 682 கிலோமீட்டர், 'எக்ஸ்.இ.வி. 9இ'க்கு 656. பரீட்சைச் சாலையில் எதிர்காற்று இல்லை, வெயில் இல்லை, பின் ஆசனத்தில் மாமனார் இல்லை. ஆகையால் கால் பங்கு குறைத்து 500 என்று வைத்துக்கொள்வது விவேகம். புதுக்கோட்டையிலிருந்து சென்னை ஏறக்குறைய 390 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போய்விடலாம். ஆனால் திரும்புவதற்கு அங்கே சாப்பாடு போட்டாக வேண்டும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். அதே அளவுள்ள பெட்ரோல் வண்டிக்கு எட்டு, பத்து ரூபாய் ஆகிவிடும். நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது பெரிய மிச்சம். வாரத்திற்கு ஒரு நாள் கோயிலுக்குப் போகிறவருக்கு, வண்டி விலையின் வட்டியே அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

சாப்பாடு போடும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டில் ஏழு கிலோவாட் கருவி வைத்தால் முழுச் சாப்பாட்டுக்குப் பதினொரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். இரவு போட்டால் காலையில் தயார். அவசரக்காரர்களுக்கு இருபது நிமிஷத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரை நிரப்பலாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு 175 கிலோவாட்டுக்குக் குறையாத நிலையம் வேண்டும். அது குளியலறை வெந்நீர்க் கருவிகள் எண்பது, தொண்ணூறை ஒரே சமயத்தில் போடுவதற்குச் சமானம். நெடுஞ்சாலையில் அத்தகைய நிலையம் அமைக்கலாம். ஒவ்வொரு சிற்றூரிலும் அமைப்பதற்கு முதலில் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் வலுப்பெற வேண்டும். வண்டி வாங்கும் முன், அடிக்கடி போகிற வழியில் நிலையம் எங்கெங்கே என்று எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை விற்பவர் சொல்ல மறந்துவிடக்கூடும்.

சுதேசியின் இருப்பிடம்

இனி, பின்னால் வருவோம் என்று சொன்ன சிக்கலுக்கு வருகிறோம். வண்டியின் உடல் இங்கே அடிக்கப்படுகிறது. மூளையில் பெரும்பகுதி இங்கே வேலை செய்தது. ஆனால் வண்டியின் இருதயம் பாட்டரி அல்லவா? மகேந்திரா வண்டிகளில் உள்ள பாட்டரிப் பலகையைப் பூட்டுவது நம் தேசத்தில்தான். அதனுள் அடுக்கியிருக்கும் 'பிளேட்' செல்கள் சீனத்து பி.ஒய்.டி. கம்பெனியினுடையவை. லித்தியம், இரும்பு, பாஸ்பேட் கொண்டு செய்த இந்தச் செல்கள் நீடித்து உழைப்பவை, எளிதில் தீப்பற்றாதவை. குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்தான் வேறு. இது ஒரு கம்பெனியின் குறையும் அன்று. இந்தியாவில் ஓடும் மின்சாரக் கார்கள் பெரும்பாலும் இதே நிலைமையில்தான் இருக்கின்றன.

இதில் என்ன நஷ்டம் என்றால், 2025 ஏப்ரலில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். மோட்டாருக்கு வேண்டிய சிலவகை அபூர்வ உலோகக் காந்தங்களை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாதென்று சீன சர்க்கார் உத்தரவிட்டது. உடனே நம் தேசத்து வண்டித் தொழிற்சாலைகளில் கவலை பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் அடங்கும் காந்தம் வராவிட்டால் இரண்டு டன் வண்டி நகராது! அரேபியாவின் எண்ணெயை நம்பியிருந்த நாம், அதிலிருந்து விடுதலை பெறுவதற்காக வேறொரு தேசத்தின் செல்லை நம்பினால், அது விடுதலையாகாது. எஜமானர் மாறினார் என்றுதான் அர்த்தம்.

இந்த இடத்தில் புதுக்கோட்டைக்காரர்களான நாம் தெற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் காரைக்குடி இருக்கிறது. சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத காலத்தில், டாக்டர் அழகப்பச் செட்டியார் அங்கே முந்நூறு ஏக்கர் நிலத்தையும் பதினைந்து லட்சம் ரூபாயையும் தேசத்திற்குக் கொடுத்தார். 1948 ஜூலை 25ஆம் தேதி பண்டித ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் தினத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதுதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பாட்டரி என்பது மின்வேதியியலின் குழந்தை. மின்சாரக் கார் என்ற பேச்சே இந்தத் தேசத்தில் இல்லாத நாளில், அதற்கு வேண்டிய வித்தையின் சாலையை ஒரு செட்டிநாட்டு வள்ளல் பொட்டல் காட்டில் கட்டி வைத்தார்! லித்தியம் செல் செய்யும் முறையை அந்த நிலையத்தார் வகுத்து, 2018இல் ஓர் இந்தியக் கம்பெனிக்குக் கொடுக்க ஒப்பந்தமும் செய்தார்கள்.

ஆராய்ச்சிச் சாலையில் ஒரு செல்லைச் செய்வதற்கும், தொழிற்சாலையில் கோடி செல்களைப் பழுதின்றி மலிவாகச் செய்வதற்கும் இடையே ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அதைக் கடக்கப் பாலம் வேண்டும். பாலத்துக்குப் பணமும் பொறுமையும் வேண்டும். 2021இல் மத்திய சர்க்கார் 18,100 கோடி ரூபாயில் செல் தொழிலுக்கு ஊக்கத் தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஓலா கம்பெனி செல் தொழிற்சாலை அமைத்திருக்கிறது. இவை ஆரம்பங்கள். இலக்கு இன்னும் தூரத்தில் இருக்கிறது.

ஆகையால் நம் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் புதிய ரதங்களில் தரைக்கு அடியில் உள்ளதெல்லாம் நல்ல வித்தை. தரைக்கு மேல் மின்னுவதில் பாதி வீண் ஜம்பம். ஜனங்கள் எதைப் பார்த்து வியக்கிறார்களோ அதைத்தான் கம்பெனிகள் மேலும் மேலும் செய்யும். திரையையும் விநாடியையும் கண்டு வியந்துகொண்டிருந்தால், திரை பெரிதாகும், விநாடி குறையும். செல் கப்பலில்தான் வந்துகொண்டிருக்கும். வாங்க வசதியுள்ளவர்கள் பாட்டியை அழைத்துக்கொண்டு கடைக்குப் போகட்டும். சித்திரை மாதத்து நடுப்பகலில் ஓட்டிப் பார்க்கட்டும். செல் எங்கே செய்தது என்று விற்பவரைக் கேட்கட்டும். நூறு பேர் கேட்டால் கம்பெனிக்காரர் காதில் விழும். சர்க்காரும், கோடி ரூபாய் வண்டிக்கு விட்டுக்கொடுக்கும் வரியில் ஒரு பங்கையாவது, செல்லை இங்கேயே செய்கிறவர்களுக்கும் ஏழைகள் ஏறும் மின்சார பஸ்ஸுக்கும் திருப்பிவிடுவது பற்றி யோசிக்கலாம்.

எஞ்சியிருப்பவர்கள் நம் பிள்ளைகள். "எவ்வளவு விநாடியில் நூறு?" என்று கேட்கும் பையனைக் கோபிப்பதில் பயனில்லை, அது அவன் வயதுக்கு உரிய கேள்வி. அவனையும், அடுத்த பெஞ்சியில் மௌனமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணையும், நம் ஜில்லாப் பள்ளிக்கூடங்கள் வருஷத்திற்கு ஒரு முறையாவது காரைக்குடிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரப் பிரயாணந்தான்.